மட்டும் என்று ஒரு சொல்

உயில் எழுத வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கிரயத்துக்கு வருகிறவர் கடை முழுக்கக் கேட்கப் பேசுவார். அடமானத்துக்கு வருகிறவர் தரையைப் பார்த்துப் பேசுவார். உயிலுக்கு வந்தவரோ பெஞ்சை என் மேஜையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மின்விசிறிச் சத்தத்துக்குள் தன் குரல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கும்பகோணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் 38 வருஷம் பத்திரம் எழுதினேன். உரிமம் இன்னும் அலமாரியில் இருக்கிறது, கண்தான் ஒத்துழைப்பதில்லை. எத்தனை உயில் எழுதினேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் மறக்காத உயில் ஒன்று உண்டு. அதில் ஒரு சொல்லை நான் எழுதாமல் விட்டிருக்கலாம்.

அதைச் சொல்வதற்கு முன் கலிபோர்னியாவுக்குப் போய்வர வேண்டும்.

போன வருஷம் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலம் தாண்டி வடக்கே போனால் மரின். கவுன்டி என்கிறார்கள், நமக்கு ஒரு சின்ன மாவட்டம். அதன் வடகோடியில் நொவாட்டோ என்ற ஊரில் வீடு. நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் மலைச்சரிவில் வெளுப்பாய், கூர்கூராய் வெட்டி வைத்தாற்போல ஒரு கட்டடம் கண்ணில் படும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியக வாசலில் கண்ணாடிப் பிரமிடு வைத்த ஐ.எம். பெய் வரைந்த கட்டடமாம்.

“அது வயசாகுறதப் பத்தி ஆராய்ச்சி பண்ற இடம், மாமா” என்றார் மாப்பிள்ளை. “பக்னு ஒரு அம்மா. அவங்க உயில் எழுதி வச்ச பணம்.”

“உயிலா?” என்றேன்.

மகள் முன்சீட்டில் சிரித்தாள். “போச்சு. இனிமே அப்பாவ வீட்ல புடிச்சு வைக்க முடியாது.”

அவள் சொன்னதுபோலத்தான் ஆயிற்று. சான் ரஃபேலில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. ஃபிராங்க் லாயிட் ரைட் வரைந்தது, நீலக் கூரை, மேட்டுக்கு மேடு பாலம் போட்ட மாதிரி நீளம். ஒரே கட்டடத்தில் நீதிமன்றமும் இருக்கிறது, குவிமாடத்துக்கு அடியில் நூலகமும் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் மகள் அங்கே இறக்கிவிட்டுப் போவாள். தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்து அந்த உயிலின் கதையைப் படித்தேன். பத்திர எழுத்தன் கண்ணோடு படித்தேன் என்று சொல்ல வேண்டும். சினிமாக்காரன் சினிமா பார்ப்பதுபோல, எங்கே வெட்டு, எங்கே ஒட்டு என்றுதான் மனசு தேடியது.

பெரில் பக் என்ற அம்மா மரினில் ராஸ் என்ற ஊரில் இருந்தவர். கணவர் லெனார்ட் பக் மருத்துவர், 1953-இல் காலமானார். குழந்தை இல்லை. மாமனார் பழத்தோட்டக்காரர். அவர் அந்தக் காலத்தில் பெல்ரிட்ஜ் என்ற எண்ணெய்க் கம்பெனியில் போட்ட முதல், பங்குகளாகக் குடும்பத்தில் தங்கியிருந்தது. 1975-இல் அந்த அம்மா இறந்தபோது, மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோக மிச்சச் சொத்தெல்லாம் சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளைக்கு என்று உயில் இருந்தது. எதற்கு? மரின் மாவட்டத்து ஏழைகளைப் பராமரிக்க, மற்றும் அதே மாவட்டத்தில் வேறு தருமம், சமயம், கல்வி காரியங்களுக்கு. அப்போது அந்தப் பங்குகளின் மதிப்பு ஒரு கோடி டாலருக்குள்தான் என்று போட்டிருந்தார்கள்.

நாலே வருஷம். 1979-இல் ஷெல் கம்பெனி பெல்ரிட்ஜை 365 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த அம்மாவின் பங்கு மட்டுமே சுமார் 25 கோடி டாலராகிவிட்டது. எண்பதுகளின் நடுவில் அது 40 கோடியைத் தொட்டது. வருஷத்துக்கு ஏறத்தாழ மூன்று கோடி டாலர், இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஒரே மாவட்டத்துக்குள் செலவழித்தாக வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட மாவட்டம்? அமெரிக்காவின் மிகப் பணக்கார மாவட்டங்களில் ஒன்று. பாலத்துக்கு இந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோவிலும் ஓக்லாந்திலும் கஷ்டப்படுகிறவர்கள் இருக்க, அந்தப் பக்கம் பணம் செலவழிக்க வழி தேட வேண்டிய நிலை.

சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளை ஒரு சமுதாய அறக்கட்டளை. அப்படியென்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் அந்தப் பெயர் அவ்வளவாகப் புழங்கவில்லை. ஒரு பணக்காரர் தன் பெயரில் வைத்துப் போகும் டிரஸ்ட் இல்லை அது. ஓர் ஊரில் பலர் கொடுத்ததும் எழுதிவைத்ததும் ஒரே நிர்வாகத்தின்கீழ் சேரும். ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரில் தனிக் கணக்கு இருக்கும். முதலைத் தொடாமல் முதலீட்டில் வைத்து, வருகிற வருமானத்திலிருந்து ஊர்க்காரர்கள் அடங்கிய குழு எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும். முதலைத் தொடாதது நமக்குப் புதிதில்லை. ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கெரிக்க 96 ஆடு கொடுப்பார்கள். மேய்ப்பவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் சொல்வது அதைத்தான். சாகாத, கிழடாகாத ஆடு. வங்கிக்காரர்கள் இதைவிட நல்ல பெயர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் வித்து 1914-இல் கிளீவ்லாந்து நகரத்தில். போட்டவர் ஃபிரெடெரிக் காஃப், வக்கீலாயிருந்து கிளீவ்லாந்து டிரஸ்ட் வங்கிக்குத் தலைவரானவர். பழைய உயில்கள் மாட்டிக்கொண்டு கிடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த மனுஷர். அமெரிக்காவில் இதற்கு அடிக்கடி சொல்லும் உதாரணம் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி. 1851-இல் இறந்தார். சொத்தில் மூன்றிலொரு பாகம், மேற்கே குடியேறப் போகிற வழியில் செயின்ட் லூயிஸ் வந்து சேரும் ஏழைகளுக்கு என்று எழுதிவைத்தார். அன்றைக்கு அது அருமையான எண்ணம். வண்டி கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டியோடு, அச்சு முறிந்து நிற்கிறவர்கள் தினம் வந்த ஊர் அது. அப்புறம் ரயில் வந்தது. வண்டி நின்றது, பணம் தங்கியது.

காஃப் இந்த மாதிரி விஷயத்தை ‘செத்தவன் கை’ என்ற பேச்சால் குறிப்பார். அவர் செய்த ஏற்பாடு எளிமையானது: பணத்தை வங்கி காக்கும், எதற்குக் கொடுப்பது என்பதை ஐந்து பேர் குழு பார்க்கும். இரண்டு பேரை வங்கி போடும், ஒருவரை மேயர், ஒருவரை உயில் வழக்கு பார்க்கும் நீதிபதி, ஒருவரை மத்திய அரசின் மாவட்ட நீதிபதி. கொடுத்தவர் சொன்ன காரியம் காலாவதியாகிப் போனால் அந்தக் குழுவே வேறு நல்ல காரியத்துக்குத் திருப்பலாம் என்று சாசனத்திலேயே இடம் வைத்தார். இன்று அமெரிக்காவில் மட்டும் எழுநூறுக்கு மேற்பட்ட சமுதாய அறக்கட்டளைகள் இருக்கின்றன. எழுதிவைத்துவிட்டுச் செத்தவர்கள் பணம் மட்டும் அங்கே போவதில்லை. ஃபேஸ்புக் மார்க் ஸக்கர்பெர்க் 2012 டிசம்பரில் 1 கோடியே 80 லட்சம் பங்குகளை சிலிக்கான் வேலி சமுதாய அறக்கட்டளைக்குக் கொடுத்தார், அன்றைக்கு அதன் மதிப்பு சுமார் 50 கோடி டாலர். உயிரோடு இருப்பவர் கொடுத்தால் பிறகு யோசனை சொல்ல அவரே இருக்கிறார். உயிலில் அந்த வசதி இல்லை.

பக் அம்மாவின் பணத்துக்கு வருகிறேன். 1984-இல் சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளை நீதிமன்றம் போனது. இவ்வளவு பணம் வரும் என்று தெரிந்திருந்தால் அந்த அம்மா ஒரே மாவட்டத்துக்கு எழுதியிருக்க மாட்டார், சுற்றியுள்ள மாவட்டங்களிலும் செலவழிக்க அனுமதி வேண்டும் என்பது மனு. இதற்குச் சட்டத்தில் ‘சை ப்ரே’ என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. பழைய பிரெஞ்சு. தருமம் சொன்னபடி நடத்த முடியாமல் போனால், கொடுத்தவர் எண்ணத்துக்கு முடிந்த மட்டும் கிட்டத்தில் இருக்கும் வேறு காரியத்துக்கு நீதிமன்றம் திருப்பிவிடலாம்.

மரின்காரர்கள் கொதித்துப் போனார்கள். தரும சொத்துகளுக்குக் காவல் என்ற முறையில் மாநில அட்டர்னி ஜெனரலும் மனுவை எதிர்த்தார். 1986-இல் ஆறு மாதம் போல விசாரணை. மரினில் ஏழையே இல்லையா என்ன? இரண்டாம் உலகப் போரில் கப்பல் கட்ட வந்த தொழிலாளர்களுக்காக எழுந்த மரின் சிட்டி அங்கேதான் இருக்கிறது. மகள் ஒருநாள் அந்த வழியாகக் கூட்டிப் போனாள், பக்கத்து ஊர் வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடத்தவே முடியாத காரியம் என்றால்தான் சை ப்ரே, வேறிடத்தில் செலவழித்தால் கூடுதல் பலன் என்பதெல்லாம் காரணமாகாது என்பது நீதிபதி ஹோமர் தாம்ஸன் எடுத்த நிலை. சான் பிரான்சிஸ்கோ அறக்கட்டளை பொறுப்பைவிட்டு விலகிக்கொண்டது. பணத்தைப் பார்த்துக்கொள்ள மரின் சமுதாய அறக்கட்டளை பிறந்தது. ஐந்தில் ஒரு பாகம் வருமானம், மரினில் இருந்தபடியே வெளியுலகத்துக்கும் பயன்படும் மூன்று அமைப்புகளுக்கு என்று முடிவாயிற்று: ஒன்று மதுப் பிரச்சினை தடுப்புக்கு, ஒன்று கல்விக்கு, ஒன்று முதுமை ஆராய்ச்சிக்கு. மலைச்சரிவில் நான் பார்த்த வெளுத்த கட்டடம் அந்த மூன்றாவது, 1999-இல் திறந்தது.

நீதிபதி செய்தது சரி என்பது என் கட்சி. அனாதைப் பணத்தைக் கண்டால் ஆளுக்கொரு நல்ல யோசனை சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் செவிசாய்த்தால் அப்புறம் உயில் எதற்கு? ஆனால் ஒரு பத்திர எழுத்தனாக எனக்கு வேறொரு அரிப்பு இருந்தது. ‘இது பத்து மடங்கு பெருகினால் என்ன செய்யச் சொல்றீங்க, ஒண்ணுமே இல்லாமப் போனா என்ன செய்யச் சொல்றீங்க?’ என்று எழுதுகிறவன் கேட்க வேண்டும். கேட்டிருந்தாலும் அந்த அம்மா மரின்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். சொன்னதை ஒரு வரி எழுதியிருந்தால் ஆறு மாத விசாரணை மிச்சம்.

கேட்கிற வித்தைக்கு ஓர் அமெரிக்க உதாரணம், இது சமுதாய அறக்கட்டளைக் கணக்கில் வராது, ஆனாலும் எனக்குப் பிடித்தது. மிசிசிபி மாநிலம் ஹாட்டிஸ்பர்க்கில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பினப் பெண்மணி, வாழ்நாளெல்லாம் ஊராருக்குத் துணி வெளுத்துப் பிழைத்தவர். தன் காலத்துக்குப் பிறகு சேமிப்பை யார் யாருக்கு என்று பிரிக்க, வங்கி அதிகாரி மேஜைமேல் பத்து நாணயம் வைத்தார். மொத்தப் பணமும் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரியுங்கள் என்றார். ஒன்று சர்ச்சுக்கு, மூன்று சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று, மீதி ஆறும் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு. அது ஒன்றரை லட்சம் டாலர். 1995-இல் செய்தி வெளியே வந்தபோது அந்த அம்மாவுக்கு வயது 87. சட்டம் ஒரு வரி படிக்காமல் முழு உயிலும் மேஜைமேல் கிடந்தது. இதைப் படித்துவிட்டு, 38 வருஷம் எனக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று இருந்தது.

நம் ஊர்ப் பெரிய உதாரணம் பச்சையப்ப முதலியார். 1794 மார்ச் 22-இல் உயில், 31-இல் மரணம், நாற்பது வயசு. பெரிய சொத்து, பெரிய வழக்கு. பணம் வருஷக்கணக்காக முடங்கிக் கிடந்து வட்டி குட்டி போட்டது. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட் (அன்றைக்குச் சென்னைக்கென்று ஒன்று இருந்தது) ஒரு லட்சம் வராகனைக் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் நிலைப்படுத்தியது. அதற்குமேல் சேர்ந்துகிடந்த மிச்சம் கல்விக்குத் திரும்பியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதில் முனைப்பாக நின்றார். 1842 ஜனவரி 1-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்தார்கள். எழுதி 48 வருஷம் கழித்து. அதுதான் வளர்ந்து கல்லூரியானது. மரினில் நீதிமன்றம் ‘மாற்ற மாட்டேன்’ என்றது, சென்னையில் மிச்சத்துக்கு வழி காட்டியது. சொல் இறுக்கமாக இருந்ததா, இடம்விட்டு இருந்ததா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

இனி என் உயில். அதாவது, நான் எழுதியது.

1987. அந்த அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிற கிராமம். இரண்டு ஏக்கர் நஞ்சை, பிள்ளை இல்லை. தம்பி மகனைப் பொறுப்பாளராகப் போட்டு, நிலத்தின் குத்தகை வருமானத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சிலேட்டும் பலப்பமும் வாங்கித் தர வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை, சாட்சி இரண்டு பேர்தான் கட்டாயம் என்று சொன்னேன். “பதிஞ்சுரு தம்பி” என்றார்.

எழுதி வாசித்துக் காட்டினேன். ‘சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுக்க’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதுக்கு மட்டுந்தான்னு எழுதிருக்கியா?”

“அதுக்குத்தான்னு எழுதினா அது மட்டுந்தானேம்மா.”

“இல்ல, எழுது. இல்லாட்டி திருவிழா மேளத்துக்குப் போட்டுருவானுவ. எங்க அண்ணன் சிலேட்ட நான் ஒருநாள் ஒடச்சுப்புட்டேன். அதோட என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வேணாம்னு நிறுத்திட்டாங்க.”

‘மட்டும்’ எழுதினேன். நீல மையில், அடித்துத் திருத்தி, ஓரத்தில் அவர் இடது பெருவிரல் ரேகை. பக் அம்மாவுக்கு என்ன காரணமோ தெரியாது, இந்த அம்மாவின் ‘மட்டும்’ எதனால் வந்தது என்பது எனக்குத் தெரியும். பின்னால் வருகிற கைகளின்மேல் நம்பிக்கை இல்லை. நாமும் அதற்கு ஏற்றாற்போலத்தான் எழுதுவோம், சந்திர சூரியர் உள்ளவரை என்று போடுவோம், மீறுகிறவனுக்குப் பாவத்தையும் சேர்த்துப் போடுவோம். காஃப் என்கிற அந்த வங்கிக்காரர், கைகளை நம்பும்படி ஓர் அமைப்பைக் கட்டினால் ‘மட்டும்’ தேவைப்படாது என்று நினைத்திருக்கிறார். கும்பகோணத்தில் நான் ஒரு பேனாவோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் அமைப்பு.

பதினைந்து இருபது வருஷம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் பிள்ளைகள் வேன் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஏழு பேர், ஒரு வருஷம் நாலு பேர். நோட்டுப் புத்தகம் அரசாங்கமே கொடுக்கிறது, சிலேட்டில் யார் எழுதுகிறார்கள்? குத்தகைப் பணம் வங்கியில் ஏறிக்கொண்டே போகிறது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் விழுந்துகிடக்கிறது. பொறுப்பாளர் நேர்மையான மனுஷர், அதனாலேயே தூக்கம் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மூல நோக்கம் நடத்த முடியாததாகிவிட்டால் நீதிமன்றம் மாற்றலாம் என்று 1976 திருத்தத்தில் தெளிவாகவே சேர்த்தார்கள். பத்து சிலேட்டுக் கணக்குக்கு வழக்கா? வக்கீல் பீஸுக்கே குத்தகை பத்தாது. ‘நடத்த முடியாதது’ என்றும் சொல்ல முடியாது, கடையில் சிலேட்டு கிடைக்கிறதே. மரின் நீதிபதி இருந்தால் என்னைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்.

நூலகத்தில் சை ப்ரேக்கு என்ன தமிழ் போடலாம் என்று பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. ‘முடிந்த மட்டும்’ என்பதிலும் அதே ‘மட்டும்’தான் இருக்கிறது. கையைக் கட்டுவதற்கும் எட்டின தூரம் போகச் சொல்வதற்கும் நம்மிடம் ஒரே சொல். ஓரத்தில் ரேகை வாங்கிய அன்றைக்கு அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, ‘முடிந்த மட்டும் சிலேட்டும் பலப்பமும், முடியாத காலத்தில் அப்பள்ளிப் பிள்ளைகள் படிப்புக்கான வேறு செலவும்’ என்று எழுதியிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த அம்மா சம்மதித்திருப்பாரா? மேளக்காரர்களை நினைத்து ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். சம்மதித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது பொறுப்பாளர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே அவருக்குக் காலை, எனக்கு ராத்திரி.

“சார், ஒரு சந்தேகம். கல் சிலேட்டு இப்ப வர்றதில்லயாம். தகர சிலேட்டு வாங்கலாமா?”

“வாங்குங்க. உயில்ல சிலேட்டுன்னுதான் இருக்கு. கல்லுன்னு நான் எழுதல.”

சற்று நேரம் சத்தம் இல்லை. பின்னால் யாரோ அவரிடம் ஏதோ சொல்வது கேட்டது. காலேஜில் படிக்கிற பெண்.

“சார், பொண்ணு ஒண்ணு கேக்குறா. கம்ப்யூட்டர் மாதிரி டேப்லெட்னு ஒண்ணு இருக்குல்ல, அதுவும் கைல வச்சு எழுதுற பலகைதானே, சிலேட்டுக் கணக்குல வருமான்னு. பாங்க்ல இருக்கிறதுக்கு நாலு பேருக்கும் வாங்கலாமாம்.”

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். உயிலின் நகல் கும்பகோணத்தில் இருக்கிறது, வாசகம் மனப்பாடம். ஒருமுறை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன்.

“அதுல எழுத ஒரு குச்சி வருமாமே, அது உண்டா?” என்று கேட்டேன்.

“அது தனியா வாங்கணுமாம் சார்.”

“அதையும் சேத்து வாங்கச் சொல்லுங்க” என்றேன். “பலப்பம்னு இருக்கு.”